மடிப்பு வெட்டாத புத்தகம்

ஜானகியம்மாள் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“யாரோ வெட்டிட்டாவ, அண்ணாச்சி. பாதிக்கு மேல.”

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர் கடை மாடியில் இருந்தது உக்கிரபாண்டியின் துப்பறியும் அலுவலகம். மணியாச்சியில் ரயில்வே போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அந்தக் குறையை உதவியாளர் மாரிச்செல்வி தீர்த்து வைப்பாள்.

“புத்தகம்னா வெட்டத்தானம்மா செய்வாவ?”

“இது அப்படியில்ல, தாயி.”

அவள் கணவர் செல்லத்துரை பாண்டிச்சேரி அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அங்கேயே பிரெஞ்சு படித்தார். ஊர் திரும்பி, தீப்பெட்டி லேபிள் அடித்த காசில் பிரெஞ்சு நாவல்களைத் தமிழில் போட்டார். பெயர் மானாவாரிப் பதிப்பகம். முதல் நாவலுக்கு அனுமதி கொடுத்தது பாரிஸில் ஒரே குடும்பம் தலைமுறையாக நடத்தும் இலக்கியப் பதிப்பகம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்கள் தாள் மடிப்பு வெட்டாமல்தான் வரும். படிக்கிறவன் கத்தியால் கீறித் திறந்துகொள்ள வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். அப்பன் ஒரு பிரதியைக் கீறாமல் விட்டுப் போவான். அடுத்துப் பொறுப்பேற்கிறவன்தான் அதைக் கீறிப் படிக்க வேண்டும். அப்படி ஒரு பிரதியைச் செல்லத்துரைக்கும் கொடுத்திருந்தார்கள்.

“அவிய போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம் ஆச்சு. மகன் முத்துசெல்வம் இது சோறு போடாதுன்னு தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போயிட்டான். ஒரே வீடுதான், பேச்சு இல்ல. பாரிஸ் குடும்பத்துப் பொண்ணு திங்கக்கிழம வாரா. அவ குடும்பப் பதிப்பகத்து வரலாறு எழுதுதாளாம். எங்க வீட்டுல கீற ஆள் இல்லம்மான்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டு, பதிப்பகத்த மூடிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி. புரூப் பாக்குற வனிதாதான் செஞ்சிருப்பா. அவளுக்குத்தான் பிரெஞ்சு தெரியும். புத்தகம் இருந்த அலமாரிச் சாவி மேலேயே கிடக்கும்.”

“வேற யாரு வருவா?”

“பைண்டர் கொம்பையா. ரெண்டு பேரும் ஞாயிறு வரமாட்டாவ. அன்னிக்காவது நிம்மதியா மத்தியானம் கண்ணயரலாம்னா, சுவத்துக்கு அந்தப் பக்கம் எலி பிறாண்டுது. பொறி வச்சா ஒண்ணும் விழல.”

உக்கிரபாண்டி புத்தகத்தைப் புரட்டினார். கீறல்கள் நிதானமாக விழுந்திருந்தன. தாள்களுக்கு நடுவே மருந்து முக்காத தீக்குச்சிகள். முதல் பக்கங்களில் வரிக்கு ஒன்றாகச் செருகியிருந்தது. போகப்போகக் குறைந்தது. கடைசியாகக் கீறிய பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். முன்பக்கம் அச்சகம், பின்பக்கம் குடியிருப்பு. வேலை முடிந்து போக இருந்த வனிதாவையும் கொம்பையாவையும் உக்கிரபாண்டி உட்கார வைத்தார். சட்டையில் மெழுகு வாடையோடு முத்துசெல்வம் வந்து நிலையில் சாய்ந்து நின்றான். நாற்பது தாண்டியவன். கல்யாணம் ஆகவில்லை.

மாரிச்செல்வி காதைக் கடித்தாள். “அண்ணாச்சி, கொம்பையா பொண்டாட்டி தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போறா. குச்சி அங்கன இருந்துதான் வந்திருக்கும்.”

“இந்த ஊர்ல குச்சி கிடைக்காத வீடு எது?” என்றவர் ஜானகியம்மாளிடம் திரும்பினார். “நீங்க கொஞ்சம் உங்க அறையில போய் இருங்கம்மா.”

ஒரு புரூப் தாளை மடித்து, இரும்பு ஸ்கேலோடு மாரிச்செல்வியிடம் கொடுத்து, அவள் அறைச் சுவரையொட்டிய பக்கத்து அறைக்குள் அனுப்பினார். அது முத்துசெல்வத்தின் அறை. கரக், கரக் என்று தாள் கிழிந்தது.

ஜானகியம்மாள் வெளியே வந்தாள். “எலி...” என்றாள்.

“அதே சத்தந்தானம்மா?” அவள் தலையசைத்ததும் உக்கிரபாண்டி உட்கார்ந்தார். “கொம்பையா, உம்ம கையில இது கிடைச்சா என்ன செய்வீரு?”

“கட்டிங் மிசின்ல மூணு பக்கமும் ஒரே போடு. இப்படி ஒவ்வொண்ணாக் கீற எனக்கு என்ன, வேல இல்லையா?”

“சரி. வனிதாவுக்குப் பிரெஞ்சு தெரியும். படிச்சிருந்தா வரிக்கு ஒரு குச்சி வேண்டாம். இந்தக் குச்சியெல்லாம் அர்த்தம் தெரியாம நின்ன இடம். படிச்சவருக்கு ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியல. இதப் படிச்சே கத்துக்கிட்டாரு. கடைசிப் பக்கங்கள்ல குச்சி தேவைப்படல. சத்தம் கேக்குறது ஞாயித்துக்கிழம. அன்னிக்கு அச்சகம் லீவு, தீப்பெட்டி ஆபீஸும் லீவு. வீட்டுல இருக்குறது ரெண்டே பேரு. ஒருத்தர் தூங்கப் போயிருவாவ.”

யாரும் முத்துசெல்வத்தைப் பார்க்கவில்லை. அவன் தரையைப் பார்த்தான்.

“அப்பா அகராதி கிடந்துச்சு. முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நடுவுல வாசிப்பு ஓடலன்னா கேவலம்லா.”

“அர்த்தம் என்கிட்டக் கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றாள் வனிதா அவனிடம். குரலில் கோபம் இருந்தது. அது ஜானகியம்மாளுக்கும் சேர்த்துத்தான்.

ஜானகியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “மனசுல வச்சுக்காதட்டி. நீ எங்கயும் போகாண்டாம்.” பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எலிப்பொறி வாங்கிருக்கேன்லே.”

புத்தகத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அந்தப் பொண்ணு வந்தா நீதான் பேசணும்.”

“பேச வராதும்மா. வாசிக்க மட்டுந்தான் வரும்.”

“வாசிச்சாப் போதும்.”

திரும்பும்போது டயர் கடை வந்ததும் மாரிச்செல்வி கேட்டாள். “இனியாவது பேசிக்கிடுவாவளா அண்ணாச்சி?”

“கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும், தாயி.”

மறுநாள் ஞாயிறு. அம்மாவும் மகனும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். மத்தியானம் ஜானகியம்மாள் படுத்தாள். வெகு நேரம் சுவர் சும்மா இருந்தது. பிறகு கரக் என்றது. கொஞ்சம் நின்று, மறுபடியும்.

அவள் எழுந்து, பொறியில் காய்ந்து கிடந்த கருவாட்டுத் துண்டைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். தன் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.