ஃபைனுக்குத் தடை

ஐந்தாம் வகுப்பின் ஆங்கில மிஸ்ஸுக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே காது கூசும். அது கெட்ட வார்த்தை எல்லாம் இல்லை. ‘ஃபைன்’தான்.

யாரைப் பார்த்து ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டாலும் எல்லாரும் ஃபைன், ஃபைன் என்றே சொன்னால் அவரும்தான் என்ன செய்வார்? ஒரு நாள் சலித்துப் போய் ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

வகுப்பு தொடங்கியதும் முதல் பெஞ்சில் முதலில் இருப்பவரிடம் மிஸ் ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்பார். அவர் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் அதையே கேட்க வேண்டும். இப்படியே கேள்வி கடைசி பெஞ்ச் வரை போகும். ஃபைன் என்று யாரும் சொல்லக் கூடாது. அதே பொருள் தரும் வேறு சொல் வேண்டும். ஒருவர் சொன்னதை அன்றைக்கு இன்னொருவர் சொல்லக் கூடாது. சொல் கிடைக்காதவர் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும்.

முதல் பெஞ்சுக்கு என்ன கவலை? குட், வெல், கிரேட் என்று சுலபமானதை எல்லாம் அள்ளிக்கொண்டார்கள். நடு பெஞ்சுகளுக்கு ஓகே, சூப்பர், நாட் பேட். கேள்வி கடைசி பெஞ்சுக்கு வந்து சேரும்போது, வழித்துத் துடைத்த பாத்திரம் மாதிரி ஒன்றும் மிச்சம் இருக்காது.

அந்தக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவள் பட்டு.

பட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்ததால் எல்லாருக்கும் அவள் ‘புதுப்பொண்ணு’. புதுசு பழசாகி வெகு நாள் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளுக்கு வருத்தம். சண்டை போட்டால்கூட நாலு வார்த்தை பேசியிருக்கலாமே. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கும்பல் கும்பலாக உட்கார்ந்துவிடுவார்கள். பட்டு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. மலை மலையாகப் போர்வை துவைத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்ததுமே கண் சொருகிவிடும். அப்பா தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுபவர். போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்வார்.

“பட்டு, எப்படிடா இருக்கே?”

“நல்லா இருக்கேன்பா.”

உண்மையைச் சொன்னால் அப்பா கவலைப்பட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவாரே. அதனால் அப்படிச் சொல்லிவிடுவாள். வேற என்ன என்று அப்பா கேட்பார். ஒண்ணுமில்லப்பா என்பாள். நல்லா இருக்கேன் என்று சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வரும்.

வகுப்பில் நிற்காமல் தப்பிக்க, அம்மாவின் போனில் தேடித் தேடிப் புதுச் சொற்களைப் படித்துவைத்தாள். ஒரு நாள் அவளுக்குச் சரியான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கம்மிய குரலில், “ஸ்ப்ளெண்டிட்” என்றாள். பிரமாதமாக இருக்கிறாளாம். வகுப்பே சிரித்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சேர்ந்து சிரிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

மறு வாரம் ஒரு நாள், ‘டெரிஃபிக்’ என்ற சொல்லோடு தயாராக வந்திருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் உள்ள பெஞ்சின் ஓரத்தில் இருந்த ரெட்டைச்சடைப் பெண், கேள்வி தன்னிடம் வந்ததும், “டெரிஃபிக்” என்று சொல்லிவிட்டாள். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஹவ் ஆர் யூ?” என்று பின்னால் தள்ளிவிட்டாள்.

பட்டு எழுந்து நின்றாள். அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

மிஸ் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கோணலாகப் போனது. எழுதியதை அழித்தார், மறுபடியும் அதையே தப்பாக எழுதினார். காலையிலிருந்தே அவர் கண்கள் சிவந்திருந்ததைப் பட்டு கவனித்திருந்தாள். தினமும் எல்லாரையும் கேட்க வைக்கிறாரே, இவரை யார் கேட்கிறார்கள்?

“மிஸ், நீங்க எப்படி இருக்கீங்க?” என்றாள்.

மிஸ் திரும்பாமலே, “ஃபைன்” என்றார்.

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. பிறகு முதல் பெஞ்ச் குண்டுப் பையன், “மிஸ், அது தடை செஞ்ச வார்த்தை” என்றான். அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

மிஸ்ஸும் சிரித்துவிட்டார். வேறு சொல் தேடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குட் போய்விட்டது, வெல் போய்விட்டது, டெரிஃபிக்கும் போய்விட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“டயர்ட்” என்றார். “வீட்டுல பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா தூங்கல.”

குண்டு விடுவதாக இல்லை. அது ஃபைனுக்கு வேறு சொல் ஆகாதே என்றான். ஆகாதுதான், ஆனால் அதுதான் உண்மை என்றார் மிஸ். பிறகு பட்டுவைப் பார்த்தார்.

“என்னைக் கேட்கணும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?”

“உங்க கண்ணு சிவந்திருந்துச்சு மிஸ். அதோட, எல்லாரும் அடுத்தவங்களைக் கேட்கறாங்க. எனக்கு அடுத்து யாரும் இல்ல. அதான் உங்களைக் கேட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ரெட்டைச்சடை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

மிஸ் பலகையை விட்டு முன்னால் வந்தார். பிறகு சட்டத்தை மாற்றினார். ஃபைனுக்குத் தடை அப்படியே இருக்கும். ஆனால் இனிமேல் அதே பொருள் தரும் சொல் வேண்டாம், நிஜமாக எப்படி இருக்கிறோமோ அதற்கான சொல்லைச் சொல்ல வேண்டும். சங்கிலி மறுபடியும் முதலிலிருந்து கிளம்பியது.

குண்டு யோசிக்கவே இல்லை. “ஹங்க்ரி” என்றான். அதற்கடுத்து ஸ்லீப்பி வந்தது. அடுத்த பாடவேளை கணக்குப் பரீட்சை என்பதால் நெர்வஸும் வந்தது. ரெட்டைச்சடை கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆங்க்ரி” என்றாள். பிறகு நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, பட்டுவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஹவ் ஆர் யூ?”

இந்தச் சொல்லைப் பட்டு எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை.

“லோன்லி.”

சொன்னதும் அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். மிஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கு எதிரே யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தால், டப்பாவோடு ரெட்டைச்சடை.

“நீ ஏன் லோன்லி?”

“நீ ஏன் ஆங்க்ரி?”

“நான்தான் முதல்ல கேட்டேன்” என்றாள் ரெட்டைச்சடை. “நகர்ந்து உட்காரு.”

பட்டு நகர்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், அப்பாவின் லாரியிலிருந்து தொடங்கினாள். லாரி பாதி வழி போவதற்குள், தன் அண்ணன் செய்த அநியாயம் ரெட்டைச்சடைக்கு நினைவு வந்துவிட்டது. அதைச் சொன்னாள். மறுபடி லாரிக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

“ஐயோ, இன்னும் முடியவே இல்லையே” என்றாள் பட்டு.

“மீதியை நாளைக்குச் சொல்லு” என்றாள் ரெட்டைச்சடை.