பெல் அடிக்காமலே குறைந்த பாட்டு

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் அந்த வீட்டுக்குப் போக ஒப்புக்கொண்டேன். ஸ்மார்ட் ஸ்பீக்கர் மாட்டுவதும், காலிங் பெல்லையும் விளக்கையும் அதோடு இணைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. வாங்கும்போது எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது சொன்ன பேச்சைக் கேட்காது. உடனே எனக்கு போன் வரும். பெற்ற பிள்ளையே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஒரு டப்பாவிடம் இவர்கள் இவ்வளவு எதிர்பார்ப்பது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.

என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டுக்காரரின் மகள். வெளிநாட்டில் இருக்கிறாள். அப்பா தனியாக இருக்கிறார், நாள் முழுக்கப் பாட்டை அலறவிடுகிறார், யார் பெல் அடித்தாலும் காதில் விழுவதில்லை, மருந்து கொண்டுவந்தவர் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று புலம்பினாள். பெல் அடித்தால் பாட்டு தானாகக் குறைய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தெருக்கோடியில் பழைய வீடு. கேட்டைத் திறப்பதற்கு முன்பே பாட்டு தெருவுக்கு வந்துவிட்டது. பெல்லை அடித்தேன், கதவைத் தட்டினேன், கடைசியில் ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டித்தான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையிலேயே ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்த வருஷமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சத்தம் இல்லன்னா இன்ஜின் நின்னுட்ட மாதிரி இருக்கும்மா. நடுக்கடல்ல இன்ஜின் நின்னா யாருக்குத் தூக்கம் வரும்?" என்றார்.

நான் ஏணியில் நின்ற நேரமெல்லாம் கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தார். கப்பல், மகள், முட்டி வலி, எதிர்வீட்டு நாய். பேச ஆள் கிடைக்காதவர்கள் அப்படித்தான், கிடைத்தால் விடமாட்டார்கள். எனக்கும் வீட்டில் பேச ஆள் கிடையாது. அதனால் நானும் வேலையை மெதுவாகவே செய்தேன்.

படுக்கையறை, சமையலறை, நடைவழி, ஹால் என்று நாலு ஸ்பீக்கர். பெல்லை அழுத்தினால் நாலும் ஒரே நேரத்தில் தணியும். கொஞ்ச நேரம் கழித்து நாலும் ஒன்றாகப் பழைய சத்தத்துக்கு ஏறும். அழுத்திக் காட்டினேன். அவர் கைதட்டினார்.

சில நாளில் அவரே கூப்பிட்டார். பாட்டு குறைகிறதாம், போய்க் கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லையாம்.

எங்கள் தொழிலில் எது நடந்தாலும் முதலில் பெல்லைத்தான் குறை சொல்வோம். ஈரம் இறங்கியிருக்கும், பட்டன் சிக்கியிருக்கும் என்று சொல்லிப் புது பெல் மாட்டினேன். மறுபடியும் கூப்பிட்டார். போன் ஆப்பில் பார்த்தால் பெல்லை யாரும் தொடவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம். சரி, என் கண்முன்னே நடக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் அவரோடு ஹாலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிச்சம் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடவில்லை. நாலு அறையிலும் ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார்.

படுக்கையறையில் பாட்டு தணிந்தது.

அங்கே மட்டும். மற்ற மூன்றும் அப்படியே பாடின. அப்படி ஒரு செட்டிங்கை நான் போடவே இல்லை.

அடுத்து சமையலறை தணிந்தது.

நான் எழுந்து நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார், ஆனால் அசையவில்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நடைவழியில் தணிந்தது.

இஸ்திரி போட்ட துணியின் சூட்டு வாசனை ஒன்று என்னைக் கடந்து போனது. அந்த வீட்டில் அன்று யாரும் இஸ்திரி போடவில்லை.

ஹாலில் என் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரும் தணிந்தது.

வீடு முழுக்கப் பாட்டு முணுமுணுப்பாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்து நிற்பது போல இருந்தது. போல என்ன, நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹாலில் பாட்டு ஏறியது. பிறகு நடைவழி, சமையலறை, கடைசியில் படுக்கையறை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"யாரும் உள்ள வரல, பாத்தீங்களா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "உள்ளேயிருந்துதான் போறா."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதம் வருவேன் என்பார், நாலு மாதம் தள்ளிப்போகும். வருகிற மாதம் என்று தெரிந்தால் மனைவி அவர் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்துவிடுவாராம். ரேடியோவைச் சத்தமாக வைக்கமாட்டாராம். பெல் சத்தம் தவறிவிடக் கூடாதே. வேலைக்கு நடுவே ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கதவு வரை போய் நின்று கேட்டுவிட்டு வருவாராம். அம்மா இப்படிச் செய்வாள் என்று மகள் சொல்லித்தான் இவருக்கே தெரியும்.

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன். ஆனா அவளுக்கு நான் இன்னும் வரல," என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினால் தானே விழுகிற தாழ்ப்பாள் அது. என்னைக் கூப்பிடவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் நான் உள்ளே தனியாக நின்றேன்.

பெல் அடித்தது.

நாலு ஸ்பீக்கரும் ஒன்றாகத்தான் தணிய வேண்டும். தணியவில்லை. படுக்கையறை. சமையலறை. நடைவழி. முன்பு மெதுவாக வந்தது, இப்போது ஓடி வந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்தச் சூட்டு வாசனை என் முகத்தில் அடித்துவிட்டு விலகியது.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

கதவு திறந்தது. வாசலில் அவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே, அவர் தோள் உயரத்தில், ஓரிடத்தைப் பார்த்தார்.

"வந்துட்டேன்," என்றார்.

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நடைவழியில் ஓரமாகவே நடந்தார், பக்கத்தில் இன்னொருவர் நடக்க இடம் விட்டு. நாலு ஸ்பீக்கரும் ஒன்றாக ஏறின. நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு அது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் தெருமுனை வரை நடப்பார், திரும்பி வந்து பெல் அடிப்பார். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி டிக்கெட்டே எடுத்துவிட்டாள். முடியாது என்றுவிட்டார். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை, எனக்குத்தான் போனில் சொன்னார்.

"மறுபடியும் அவளைக் காக்க வைக்க என்னால ஆகாதும்மா."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது என்பதுதான் உண்மை. வீடு திரும்பினால் கதவைத் திறக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் அந்த நடையிலேயே தெருமுனையில் மயங்கி விழுந்தார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்பவில்லை. மகள் வந்தாள், உடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியிலிருந்தே முடித்தாள். வீட்டை விற்கப்போகிறேன், ஸ்பீக்கரையெல்லாம் கழற்றிவிடுங்கள் என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

நல்ல வெயில் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். வீட்டில் சாமான்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அத்தனை அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. தாங்க முடியாமல் பாட்டைப் போட்டுவிட்டு, வேலை ஆரம்பிக்க ஏணியை விரித்தேன்.

படுக்கையறையில் தணிந்தது.

ஏணியைப் பிடித்தபடி நின்றேன். சமையலறை, நடைவழி, ஹால். கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்த முறை திரும்பிப் போகவில்லை. ரொம்ப நாளாக நின்று பழகிவிட்ட மாதிரி அங்கேயே நின்றது. அவர் விழுந்த நாளிலிருந்து இப்படித்தான் வந்து நிற்கிறாளோ என்று நினைத்தபோது, பயத்தையும் மீறிக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"அவர் வர மாட்டார்ம்மா," என்றேன்.

பாட்டு ஏறவில்லை.

அப்போதுதான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். ஒரு தடவையாவது பெல் அடித்தால் மனம் ஆறட்டுமே என்று தோன்றியது. இரக்கம்தான், வேறொன்றும் இல்லை. பையையும் ஏணியையும் அப்படியே போட்டுவிட்டு, அந்த வாசனைக்குள் நுழைந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். பெல்லை அழுத்தினேன்.

தாழ்ப்பாள் உடனே விலகியது. என் விரல் பட்டனில் இருக்கும்போதே கதவு சுவரில் மோதும் வேகத்தில் விரியத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

ஆனால் யாரோ என்னைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்கள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு கதவு மெல்ல, ரொம்ப மெல்ல, சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் செய்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தில்தான் உறைத்தது. பாட்டு ஏறினால் போதும், அவள் திரும்பிப் போய்விட்டாள் என்று நானும் போய்விடலாம் என்று வெயிலில் நின்றேன். நிழல் கேட்டைத் தாண்டும் வரை நின்றேன். ஏறவில்லை.

ஸ்பீக்கரைக் கழற்ற முடியவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன். வேறு யாரும் போனதாகத் தெரியவில்லை. வீடு இன்னும் விற்கவில்லை. கரண்ட் கட்டணம் கட்ட ஆள் இல்லாமல் மீட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வயர் மட்டும் சுவரில் தொங்குகிறது.

அந்தப் பக்கம் வேலை இருந்தால் கேட் வரை போய் நிற்கிறேன். கூர்ந்து கேட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கிறது. பெல் அடித்தால் காதில் விழுகிற அளவுக்கு, அவ்வளவு குறைத்து வைத்திருக்கிறாள்.