பின்னறையில் அத்தான் குரல்

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. தபால் அலுவலகத்தில் மன்றாடி ஒரு வாரம் விடுப்பு வாங்கியிருந்தேன். கதவைத் திறந்தவளை ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. எட்டு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"வந்துட்டியா? பைய இங்கயே வை. சத்தம் போடாத."

எட்டு மாதத்துக்கு முன் அத்தானுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. இருபத்தாறு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'கிளட்ச் வாத்தியார்'. எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. "மெதுவா... இப்ப அழுத்து... நான் இருக்கேன்ல" என்பார். அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் கல்யாணமே ஆனது. கடைசிவரை அவளுக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப் பேசியவருக்கு இப்போது மிச்சம் இருந்தது ஒரே சொல். "சரி சரி." தண்ணீர் கேட்டாலும் அதுதான். வலியில் முகம் கோணினாலும், வேண்டாம் என்று தலையை ஆட்டும்போதும் அதேதான்.

"அவருக்கு எல்லாம் புரியுதுடி. வார்த்தைதான் மாறி வருது" என்றாள் அக்கா. "வாயக் கேக்காதீங்க, கையப் பாருங்கன்னு பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிருக்காங்க."

இடது கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம். கீழே என்றால் இல்லை.

முன்னறைக் கட்டிலில் கிடந்த அத்தான் என்னைப் பார்த்ததும் அழுதார். அக்கா அவர் கன்னத்தைத் துடைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மேசையைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "பின்னறையிலேர்ந்து அவர் கூப்பிட்டா போகாத."

"அவரால எழுந்திரிக்கவே முடியாதே?"

"அதத்தான் சொல்றேன்."

தூக்கம் கெட்டவள் பேச்சு என்று நினைத்து அவளைப் படுக்க அனுப்பினேன்.

மறுநாள் மதியம் அத்தானுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம். தேய்ந்த கிளட்ச்சை மேட்டில் வைத்து இழுத்தால் வருமே, அந்த நாற்றம்.

"யாரு, கொழுந்தியாளா? எப்ப வந்த?"

பின்னறையிலிருந்து வந்தது. அத்தானின் குரல். முழு வாக்கியம், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

நான் அத்தானைப் பார்த்தேன்.

அவர் உதடு மூடியிருந்தது.

துடைத்த முதுகில் மறுபடி வியர்வை அரும்பியது. அவர் கண்கள் பின்னறைக் கதவை விட்டு அகலவில்லை.

அக்காவை எழுப்பினேன். அவள் அதிர்ச்சியே அடையவில்லை. "உனக்கும் கேட்டுச்சா? டீச்சர் ஒரு வார்த்தைய இவர் வாயில வர வச்சா, அன்னிக்கே அது அந்த வார்த்தையச் சொல்லிச் சிரிக்கும். மறுநாள் இவர்கிட்ட அந்த வார்த்தை இருக்காது."

"இத்தன நாளா ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எட்டு மாசமா எங்கிட்ட பேசின ஒரே ஆள் அதுதான்டி. சொந்தக்காரங்க வந்து எட்டிப் பாத்துட்டு, பாவம்னுட்டுப் போயிட்டாங்க. நீயே போன்ல ரெண்டு நிமிஷம். அது மட்டும் நான் சாப்பிட்டனான்னு கேட்டுச்சு. மொதல்ல நல்லாத்தான் பேசுச்சு."

"இப்ப?"

அவள் எழுந்து போய்ப் பின்னறைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மருந்துக் கடைக்குப் போனேன். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வரும்போது வாசல் கதவு திறந்து கிடந்தது. பட்டப்பகலில் திரைகளெல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. கருகல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

"மெதுவா... அவசரமே இல்ல..."

பின்னறைக் குரல். அதே பொறுமை.

"இப்ப அழுத்து."

அக்கா கட்டிலின்மேல் குனிந்திருந்தாள். அவள் கைகளுக்குக் கீழே தலையணை. தலையணைக்குக் கீழே அத்தானின் முகம்.

"அப்படித்தான். முழுசா அழுத்து. நான் இருக்கேன்ல."

தலையணைக்கு அடியிலிருந்து அமுங்கிப்போய் வந்தது: "ச... சரி..."

"அவரே சரிங்கறாருடி" என்றாள் அக்கா, திரும்பாமலே. அழுதுகொண்டிருந்தாள்.

"கையப் பாருக்கா! அவர் கையப் பாரு!"

அத்தானின் இடது கை கட்டிலுக்கு வெளியே துடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் கீழே. கீழே. கீழே. மெத்தையின் ஓரத்தைக் குத்திக் குத்தி நகம் பிய்ந்து ரத்தம் வந்திருந்தது.

அக்கா பார்த்தாள். தலையணை தரையில் விழுந்தது. அத்தான் இழுத்த மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்னறையில் ஒரு பெருமூச்சு. பிறகு வந்த குரலில் பொறுமை இல்லை.

"கெடுத்துட்டியேடி, நாயே."

கதவு உள்ளிருந்து அதிரத் தொடங்கியது. தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருந்ததால் பிழைத்தோம். நானும் அக்காவும் அத்தானைச் சக்கர நாற்காலியில் தூக்கி வைத்து, மருந்துப் பையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினோம்.

என் வீட்டுக்கு வந்த பின் அக்கா இரண்டு நாள் தொடர்ந்து தூங்கினாள். பகலில் அத்தானைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தோம். டாக்டரிடம் தலையணையைப் பற்றி அவளே சொன்னாள். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டர் திட்டவில்லை. "எட்டு மாசம் ஒருத்தரே தூக்குற சுமையா இது?" என்று கேட்டு, இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் சனிக்கிழமைதோறும் கூடிப் பேசும் இடத்துக்கு அனுப்பினார். அங்கே போய் வந்த முதல் நாள் அக்கா சிரித்தாள். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் இடது கையால் அவள் தலையைப் பிடித்து வெகுநேரம் வைத்திருந்தார்.

ஆறாவது வாரம் அவர் வாயில் "தண்ணி" வந்தது. அடுத்து "வேணாம்". கஞ்சியைத் தள்ளிவிட்டு அவர் அதைத் தெளிவாகச் சொன்னபோது, கஞ்சி சட்டையெல்லாம் சிந்தியும் மூவரும் சிரித்தோம். மறுநாளும் அந்த இரண்டு சொற்களும் அவரிடமே இருந்தன.

நேற்று மதியம் அத்தான் என் வீட்டு முன்னறையில் உறங்கிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏய், இங்க கொஞ்சம் வாயேன்" என்று உள்ளறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

எழுந்தே விட்டேன்.

அக்கா என் எதிரில் இருந்தாள். வாயில் சாப்பாடு. மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"அவள விடு. நீ மட்டும் வா" என்றது அவள் குரல், பாசமாக.

அக்கா அவசரமாக விழுங்கினாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். என்னிடம் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

ஒரு சொல்லும் வரவில்லை.