கண் முன்னால் ஒரு மாத்திரை

டமார்! வெள்ளத்தில் நின்ற மருத்துவமனைப் படியில் படகு வந்து மோதியது. நர்ஸ் நியருவாச்சின் உடுப்பெல்லாம் சேற்றுத் தண்ணீர்.

“யோவ்... கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“முன்னாலதான் இருக்கு, நர்ஸம்மா. உங்களைப் பார்த்ததும் துடுப்பு மறந்துபோச்சு...”

மழை சொட்டும் இமைகளுக்குள் அந்தக் கண்கள் சிரித்தன. உடம்போ வெடவெடவென்று நடுங்கியது. தட்டம்மை பரவிய அக்கரை ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகிறவன் அவன், பெயர் பியெல். சண்டை போடும் இரு தரப்பும் வழிவிடுவது அவன் படகுக்கு மட்டும்தான். பெட்டியிலிருந்த ஐஸ் நாளை மாலை வரைதான் தாங்கும்.

விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். மலேரியா!

“இந்தாங்க, சோளக்கூழும் பாலும். வயித்துல ஏதாவது இருந்தாத்தான் மாத்திரை கேட்கும்.”

“வேணாம்.”

“நீங்க படுத்துட்டா பெட்டி எப்படிப் போகும்? சாப்பிட்டுட்டு, முதல் மாத்திரையை என் கண் முன்னாலதான் விழுங்கணும். இது விதி.”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். வீம்புக்காரன்! முந்தாநாள் துப்பாக்கியோடு வந்த தளபதியையே அதட்டி விழுங்க வைத்தவள் அவள்.

“தங்கச்சி முன்னால சாப்பிடறதா நெனச்சுக்குங்க!”

“அப்படி... நெனைக்க முடியலயே.”

அவளுக்கு முகம் குப்பென்று சூடேறியது. கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணின் எதிரே அவர்கள் நூவேர் இனத்தில் எந்த இளைஞனும் சாப்பிடமாட்டான். அவளுக்குத் தெரியாதா என்ன! வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லையே, பாவி...

விதியைப் பார்ப்பதா, வழக்கத்தைப் பார்ப்பதா? எப்படியும் பெட்டி போயாக வேண்டும். நியருவாச் விறுவிறுவென்று வெளியே போய், மழையில் முதுகைக் காட்டி நின்றாள்.

“நான் பார்க்கல. ஆனா பொய் சொன்னீங்க, அக்கரைப் பிள்ளைங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!”

சற்று நேரத்தில் கிண்ணம் வழிக்கப்படும் சத்தம். பிறகு, “விழுங்கியாச்சு!”

வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்காமலே ஒருவனை நம்பினாள்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. பெட்டியோடு படகில் ஏறியவன் தயங்கினான்.

“திரும்பி வரும்போது உங்கப்பாவைப் பார்க்கலாமா?... ஏன் இப்படி வாடிப்போயிருக்கீங்க? நேத்திலேர்ந்து நீங்க எதுவுமே சாப்பிடலையே?”

அவள் படகைத் தள்ளிவிட்டாள்.

“சீக்கிரம் கிளம்புங்க... உங்க எதிர்ல எனக்கும் சாப்பிட முடியல.”