எட்டு மணி இணைப்பு

போன் அலறியது.

நெட்வொர்க் டெக்னீஷியன் எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். என்ஜினீயர் ஆபீஸுக்குப் போன வாரம் வி.பி.என். போட்டது நீங்கதானே? உடனே வாங்க."

"ஏன் சார், நெட் போயிடுச்சா?"

"உயிர் போயிடுச்சு!"

பதறியடித்துக்கொண்டு ஓடினாள்.

மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் என்ஜினீயர். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

நான்கே பேர் உள்ள ஆபீஸ். வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்ய, அந்த வி.பி.என். வழியை அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். வாய் நிறைய 'தங்கச்சி' என்று கூப்பிட்டவர்...

"காலையில எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல நடந்திருக்கு. பூட்டு உடையல," என்றார் இன்ஸ்பெக்டர். "இருந்த ஒரே மாற்றுச் சாவி உங்ககிட்ட இருந்ததாமே?"

"வேலை முடிஞ்ச அன்னிக்கே கொடுத்துட்டேன் சார்! இதோ, இவர்கிட்ட!"

இறந்தவரின் மைத்துனர், ஆபீஸின் பங்குதாரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பொய்! என்கிட்ட எந்தச் சாவியும் தரல. காலையில எட்டுலேருந்து பத்து வரைக்கும் நான் வீட்டுல வேலை செஞ்சிட்டிருந்தேன். கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும், பாருங்க!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கேம்மா இருந்தீங்க?"

"வீட்டுல சார்... தனியா."

"சாட்சி?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"பதிவைத் திறங்க."

திறந்தாள். மைத்துனரின் கணக்கு... எட்டுக்கு இணைப்பு. பத்துக்குத் துண்டிப்பு!

"நான்தான் சொன்னேனே!"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்குக் கிளம்பலாமா?"

"ஒரு நிமிஷம் சார்!" அவள் திரையை நெருங்கினாள். "எந்த இடத்துலேருந்து இணைஞ்சாங்கன்னு பக்கத்துக் கட்டத்துல இருக்கும். நேத்து வரைக்கும் இவர் வீட்டு நெட். இன்னிக்கு மட்டும்..."

"மட்டும்?"

"இந்த ஆபீஸ் வைஃபை! லேப்டாப்போட இங்கேயே உக்காந்துக்கிட்டு, வீட்டுல இருந்த மாதிரி பதிவு பண்ணியிருக்கார்!"

மைத்துனரின் முகம் வெளிறியது. ஒரே எட்டில் கதவை நோக்கிப் பாய்ந்தார். கான்ஸ்டபிள் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"நான் கட்டின குடியிருப்பு இடியும்னு ரிப்போர்ட் கொடுக்கப் பார்த்தாரு சார்! கெஞ்சினேன்... பொண்டாட்டியோட தம்பின்னுகூடப் பார்க்கல..."

"அங்கே எத்தனை குடும்பம்?"

"நாப்பது."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

போகிற போக்கில் மைத்துனர் அவளைப் பார்த்துச் சீறினார்.

"எல்லாம் நீ போட்ட லைனால வந்த வினைடி!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளே வரத்தான் சார் நான் வழி போட்டேன். வெளியே வரணும்னா நல்ல வக்கீலாப் பாருங்க!"