தன்வதைக்கு என்ன பொருள்?

"ஐயோ... கொல்றான்! என்னைக் கொல்றான்!"

அகராதி அலுவலகமே அதிர்ந்தது!

தட்டச்சுப் பெண் ஓடிப்போய் அறைக் கதவைத் தள்ளினாள். தலைமைப் பதிப்பாசிரியர் தரையில் கிடந்தார். முன்கையில் ரத்தம்! எதிரே நின்றான் துணைப் பதிப்பாசிரியன். அவருடைய மனைவியின் தம்பி.

போலீஸ் வந்தது. கட்டுப் போட்ட கையோடு பெரியவர் பெண் இன்ஸ்பெக்டரிடம் சீறினார்.

"பின்னாலேர்ந்து பாய்ஞ்சான் மேடம்! எதால தாக்கினான்னுகூட நான் பாக்கல. என் நாற்காலி மேல இவனுக்குக் கண்ணு!"

"பொய்! நான் உள்ள வரும்போதே கீழ கிடந்தீங்க மாமா. உங்க நாற்காலி எனக்குத்தான்னு நிர்வாகம் நேத்தே சொல்லிடுச்சு. நான் எதுக்கு உங்களைத் தொடணும்?"

"வாயை மூடுடா நன்றி கெட்டவனே! உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்!"

இன்ஸ்பெக்டர் மச்சினன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... உங்களை மாட்டிவிட இவரே கத்தியால குத்திக்கிட்டார்ங்கிறீங்க. தன்வதை. அதானே?"

பெரியவர் துள்ளினார்.

"தப்பு! மனசு தாங்காம தன்னையே வருத்திக்கிறதுதான் தன்வதை. அது ஒருத்தரோட வேதனை! அடுத்தவனை மாட்டிவிடச் செஞ்சா அது பித்தலாட்டம். ரெண்டையும் கலக்காதீங்க!"

"சரி, பித்தலாட்டம். கத்தியால குத்திக்கிட்ட பித்தலாட்டம்."

"அதுவும் தப்பு! குத்துன்னா ஆழமா இறங்கணும். இது கீறல்! உடைஞ்ச கண்ணாடி கீறும்... குத்தாது!"



"கண்ணாடியா?" இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டாள். "எதால தாக்கினான்னு பாக்கலைன்னீங்களே சார்?"

பெரியவர் தன் தோள்பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கான்ஸ்டபிள் அதைப் பிடுங்கிக் கவிழ்த்தார். கைக்குட்டைக்குள் சுருட்டிய கண்ணாடிச் சில்லு! ரத்தம் இன்னும் காயவில்லை.

"ஏன் மாமா?" மச்சினனின் குரல் உடைந்தது. "அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"என் ஆயுசையே கொட்டின அகராதிடா! அதுல உன் பேரா? நீ ஜெயில்ல கிடந்து சாகணும்னு நெனச்சேன்!"

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜீப் கதவைத் திறந்துவிட்டாள் இன்ஸ்பெக்டர்.

"ஏறுங்க சார். எங்க ஸ்டேஷன் ரைட்டர் எழுதறதெல்லாம் ஒரே பிழை. உக்காந்து திருத்திக் கொடுங்க... இனிமே உங்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்!"