முந்தினால் சிவப்புக் கொடி!

பின் சீட்டில் ஓர் உடல் கிடந்தது.

தலையோடு காலாகப் பழுப்புச் சால்வை. ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. நான்கு கண்ணாடி வளையல்கள். துளி அசைவில்லை...

வெள்ளைத் தொப்பி போட்ட ஆள் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாவியைத் திருகினான். கான்டஸா உறுமிக்கொண்டு கேளம்பாக்கம் டீக்கடையை விட்டுக் கிளம்பியது.

அரை கிலோமீட்டர் போனதும் அந்த உடல்...

குறட்டை விட்டது!

பயந்துவிட்டீர்களா? சரி, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் பின்னால் போய்விட்டு வருவோம்.

*

1991. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. கிழக்குத் தாம்பரம்.

ஐந்து கார்கள் வரிசையாக நின்றன. ஐந்து ஏரியலிலும் மஞ்சள் துணி.

முதல் கார் ஒரு கிழட்டு ஃபியட். அதன் மேல் கையை ஊன்றி நின்றிருந்தான் சம்பத். பல்லாவரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். தாம்பரம் சண்டே மோட்டார் க்ளப்பின் செயலாளர். அன்றைக்கு அவனுக்கு நாக்கு வறண்டிருந்தது.

காரணம் இரண்டாவது காரின் சொந்தக்காரர்!

துளசிங்கம். க்ளப் தலைவர். செம்பாக்கம் ஏரியை ஒட்டி அவர் அப்பா நெல் விதைத்த நிலமெல்லாம் இப்போது மனைக்கல் நட்டுக் கிடந்தது. அதில் வந்ததுதான் அந்த வெண்ணெய் நிற கான்டஸா. அதன் சாவியை வெள்ளிச் சங்கிலியில் கோத்து அரைஞாணில் முடிந்திருப்பார். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார் என்று க்ளப்பில் கேலி.

"என்னாப்பா சம்பத், இன்னிக்காவது அஞ்சும் போய்ச் சேருமா?"

"சேரும் மாமா."

"மாமாவா? இன்னும் முப்பது மைல் கீது. அதுவரைக்கும் சார்னு கூப்பிடு!"

சம்பத் ஃபியட்டின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

அவன் ஜெயக்கொடியைக் காதலித்தான். ஜெயக்கொடி துளசிங்கத்தின் ஒரே பெண். அவளும் அவனைக் காதலித்தாள். தகவல் தெரிந்ததும் துளசிங்கம் கத்தவில்லை, அடிக்கவில்லை. போன மாதக் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"அஞ்சு காரை ஒண்ணா கூட்டிகினு போகத் தெரியாதவன், என் பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்? மகாபலிபுரத்துல அஞ்சும் ஒரே வரிசையா வந்து நிக்கட்டும். அங்கேயே தாம்பூலம் மாத்திக்கலாம். ஒண்ணு குறைஞ்சாலும், அந்தப் பேச்சை அதோட விட்டுடணும்!"

என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இந்த க்ளப்பை உங்களுக்குத் தெரியாது. போன தடவை வேடந்தாங்கல் போனபோது அம்பாஸடர் ராஜகோபால் செங்கல்பட்டில் வழி மாறினார். யாரோ ஒரு கல்யாண வீட்டுக் காரின் பின்னால் போய், மண்டபத்தில் இறங்கி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் தடவை வாங்கிய பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

அதனால் இந்த முறை சம்பத் விதிகளை டைப் அடித்து ஆளுக்கொரு காகிதம் கொடுத்திருந்தான்.

ஒன்று: முன்னால் போகும் காரை விடாதே.

இரண்டு: பின்னால் வரும் கார் கண்ணாடியில் தெரியாவிட்டால் நில்.

மூன்று: முந்தாதே!

விதிகளைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசிக் காருக்கு. பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஓட்டுபவர் தட்சிணாமூர்த்தி. முப்பத்தாறு வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி மூன்றும் இன்னும் அவரிடம் இருந்தன.

"கவலைப்படாதே சம்பத்," என்றார். "என் சர்வீஸ்ல ஒரு பெட்டி கழண்டதில்லே!"

விசில். பச்சைக் கொடி.

ஃபியட், கான்டஸா, ராஜகோபாலின் அம்பாஸடர், ரவியின் மாருதி, கார்டு சாரின் ஹெரால்ட். ஐந்தும் கிளம்பின. ஜெயக்கொடியும் அவள் அம்மா கிளியம்மாளும் அம்பாஸடரில் இருந்தார்கள்.

மேடவாக்கம் தாண்டியது. சோழிங்கநல்லூர் தாண்டியது. ஐந்தும் ஒரு நூலில் கோத்தது போல வந்தன. கேளம்பாக்கத்தில் டீக்காகப் பத்து நிமிஷம் நின்றார்கள்.

சம்பத்தால் நம்பவே முடியவில்லை. பாதிக்கு மேல் வந்தாயிற்று!

*

கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் கோவளம் சாலை. இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அழகான பாதை என்று சம்பத்தே தேர்ந்தெடுத்தது.

கார்டு சாரின் விசில் கேட்டதும் அவன் முதலில் கிளம்பித் திரும்பினான். நடுவில் ஒரு பஸ் புகுந்துகொண்டது. ஒரு கிலோமீட்டர் தள்ளி பஸ் நின்றது. கண்ணாடியைப் பார்த்தான்.

வெறும் ரோடு!

"ஐயோ!"

பிரேக்கை அமுக்கினான். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... ஒரு காரும் வரவில்லை. ஃபியட்டை அப்படியே திருப்பிக்கொண்டு டீக்கடைக்குப் பறந்தான்.

கடை வாசலில் துளசிங்கம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கடித்த போண்டா.

"சார்! உங்க கார் எங்கே?"

"அதையேன் கேக்கறே. கை கழுவிட்டு வர்றதுக்குள்ள எவனோ ஓட்டிகினு போய்ட்டான்." போண்டாவைச் சட்னியில் தோய்த்தார். "அஞ்சுல ஒண்ணு குறைஞ்சு போச்சே, சம்பத்!"

"ஒண்ணா? நாலைக் காணோம் சார்!"

துளசிங்கம் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னது, நாலா? நான் ஒண்ணுதான்னு இல்ல நினைச்சேன்!"

"சாவி?"

"வண்டியிலேயே விட்டுட்டேன். மறதி."

"வாங்க சார், போலீஸுக்குப் போவோம்!"

"ஞாயித்துக்கிழமை. அவங்களை எதுக்குப்பா தொந்தரவு பண்ணிகினு..."

டீக்கடை அங்காளம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், தேடிகினு கீறீங்க? நாலு காரும் நேரா திருப்போரூர் ரோட்ல வரிசையாப் போச்சே. வெள்ளைத் தொப்பி போட்ட ஆளு மொத கார்ல. மீதி மூணும் அது பின்னாடியே!"

சம்பத்துக்கு விளங்கியது. ராஜகோபாலுக்குத் தெரிந்தது கான்டஸாவும் வெள்ளைத் தொப்பியும்தான். துளசிங்கமும் எப்போதும் அதே மாதிரித் தொப்பிதான் போடுவார். முன்னால் போகும் காரை விடாதே! ராஜகோபால் விடவில்லை. ரவி ராஜகோபாலை விடவில்லை. கார்டு சார் ரவியை விடவில்லை...

விதி போட்டவனைத்தான் விட்டுவிட்டார்கள்.

"அப்புறம், அந்தப் பொண்ணு எப்பிடி கீதுன்னு பாருங்க சார்," என்றாள் அங்காளம்மா. "தலைநோவுன்னு எங்கிட்ட தண்ணி வாங்கி மாத்திரை போட்டுகினு, அந்தப் பெரிய கார் பின் சீட்ல போத்திகினு படுத்துச்சு. பச்ச வளையல் போட்ட பொண்ணு."

போண்டா கீழே விழுந்தது.

"ஜெயக்கொடியா?!" துளசிங்கத்தின் குரல் கீச்சிட்டது. "அவ அம்பாஸடர்ல இல்ல இருந்தா?"

"ராஜகோபால் சார் வூட்டு வாண்டுங்க ஒரே சத்தம்னுச்சு..."

துளசிங்கம் துள்ளி எழுந்தார். ஃபியட்டின் கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தார்.

"எடுடா வண்டியை! சீக்கிரம்!"

*

கான்டஸாவில் இருந்த தொப்பி ஆளுக்கு அப்போது வேறு கவலை.

கண்ணாடியில் மூன்று கார்கள்!

அவன் வேகமாகப் போனான். மூன்றும் வேகமாக வந்தன. மெதுவாகப் போனான். மூன்றும் மெதுவாக வந்தன. நெற்றியில் வியர்வை. திருப்போரூரில் சட்டென்று ஒரு தெருவில் திரும்பினான். மூன்றும் திரும்பின. கோயில் குளத்தைச் சுற்றி ஓட்டினான்.

மூன்றும் குளத்தைச் சுற்றின!

"ப்ரோக்ராம்ல இது இல்லியே," என்றார் அம்பாஸடரில் ராஜகோபால்.

"அவருக்கு ஏதாவது வேண்டுதல் இருக்கும்," என்று பக்கத்தில் இருந்த கிளியம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றில் கான்டஸா ஒரு வெட்டு வெட்டியது. பின் சீட்டில் இருந்த உடல் உருண்டு கீழே விழுந்தது. எழுந்தது!

"அப்பா... மெதுவா ஓட்டக் கூடாதா?"

தொப்பி ஆள் அலறினான். "யாரும்மா நீ?!"

"நீ யாரு? எங்கப்பா தொப்பிய ஏன் போட்டுட்டிருக்கே?"

ஜெயக்கொடி கைப்பிடியைப் பிடித்தாள். கதவைத் திறந்து குதித்துவிடலாமா? திரும்பினாள். பின்னால் மஞ்சள் துணிகள். அம்பாஸடரில் அம்மா. கொஞ்சம் தைரியம் வந்தது. மறுபடி முன்னால் பார்த்தாள்.

சாவித் துவாரத்தில் வெள்ளிச் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

"உன் பேர் என்ன?"

"ர... ரங்கன்."

"ரங்கன், இந்தச் சங்கிலி உன் கைக்கு எப்படி வந்தது?"

ரங்கன் வேகத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான். என்ன சொன்னான் என்று இப்போதே கேட்டால் எப்படி? கொஞ்சம் பொறுங்கள்.

கேட்டுவிட்டு ஜெயக்கொடி சால்வையை உதறி எறிந்தாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரா மகாபலிபுரம் போ. மெதுவா. பின்னால வர்றவங்க கண்ணாடியில தெரியணும். ஒரு கார் விட்டுப் போச்சுன்னா, நீ போலீஸ் ஸ்டேஷன்லதான் இறங்குவே."

*

"சார்," என்றான் சம்பத். ஃபியட் எண்பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. "பந்தயத்துல நான் தோத்தாச்சு. அந்தப் பேச்சே இனி வேணாம். அவ பத்திரமா கிடைச்சாப் போதும்."

அவன் கண்ணில் நீர் இருந்தது. துளசிங்கம் அதைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்போரூர் தாண்டியதும் தூரத்தில் புகை. கார்டு சாரின் ஹெரால்ட்! குளத்தை இரண்டு தடவை சுற்றியதில் நேரம் போயிருந்தது. சம்பத் ஹாரனை அமுக்கிக்கொண்டு வலப்பக்கம் ஏறினான்.

ஜன்னல் வழியாக நீண்டது ஒரு சிவப்புக் கொடி!

"ரூல் மூணு! முந்தாதே!"

"கார்டு சார்! ஒதுங்குங்க! முன்னால திருடன்!"

"திருடனா? என் முன்னால போறது ரவி. ரவி ரொம்ப நல்ல பையன்!"

"அவனுக்கும் முன்னால சார்!"

"அது ராஜகோபால். பேங்க் மேனேஜர்!"

"அந்த ரூலைப் போட்டதே நான்தான் சார்!"

"அப்போ நீயே மீறலாமா? பின்னால வா!"

ஹெரால்ட் நடு ரோட்டை விட்டு அசையவில்லை. ஐம்பதுக்கு மேல் போகவும் இல்லை. சம்பத் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்தான்...

மகாபலிபுரம். கடற்கரை. அலைச் சத்தம்.

கான்டஸா நின்றது. அதன் பின்னால் அம்பாஸடர், மாருதி, ஹெரால்ட், ஃபியட். ஒரே நேர்க்கோடு!

சம்பத் குதித்து ஓடினான். பின் கதவு திறந்து ஜெயக்கொடி இறங்கினாள். முழுசாக. வளையல்கூட உடையாமல். சம்பத் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு பாய்ந்து ரங்கனின் காலரைப் பிடித்தான்.

"திருட்டு ராஸ்கல்! ரவி, போலீஸைக் கூப்பிடு!"

"போலீஸ் வேணாம்!" என்று கத்தினார் துளசிங்கம்.

"ஏன் வேணாம்? நான் சொல்லட்டுமாப்பா?" என்றாள் ஜெயக்கொடி.

ரங்கன் முந்திக்கொண்டான். "ஐயா, நீங்களே சொல்லுங்கய்யா! நீங்க சாவி குடுத்தீங்க, தொப்பி குடுத்தீங்க. திருப்போரூர்ல பூட்டிட்டு பஸ் ஏறி வூட்டுக்குப் போ, டிரைவர் வேலை போட்டுத் தரேன்னீங்க. நான் பூட்டணும்னா இவுங்க வுடணுமே! கொளத்தைச் சுத்துனா கூடவே சுத்துறாங்க. ஒரே பேஜாராப் பூட்ச்சு. அந்த வேலையே எனக்கு வேணாம் ஐயா!"



இத்தனை நேரத்தில் நான் அவனைத் 'திருடன்' என்று ஒரு தடவையாவது சொன்னேனா? சம்பத்தான் சொன்னான்!

கிளியம்மாள் மெல்ல இறங்கி வந்து கணவரைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூட துளசிங்கம் தாங்கியிருப்பார்.

கார்டு தட்சிணாமூர்த்தி எதையும் காதில் வாங்காமல் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசை ஓரமாக நடந்தார். ஒவ்வொரு காரையும் தட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு! எல்லாம் சேர்ந்தாச்சு. வரிசை கலையலே!"

துளசிங்கம் ரங்கன் தலையிலிருந்து தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். சம்பத்திடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"வரும்போது சொன்னியே, அவ கிடைச்சாப் போதும்னு... அப்பவே நான் தோத்துட்டேன்பா." "தாம்பூலத்துக்கு வெத்தலை வாங்கச் சொல்லு. கல்யாண ஊர்வலத்துக்கு எத்தனை கார் ஏற்பாடு பண்ணட்டும்?"

சம்பத் ஜெயக்கொடியைப் பார்த்தான். அவள் விரலில் வெள்ளிச் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு போதும் மாமா... ஆனா சாவி மட்டும் அவகிட்டயே இருக்கட்டும்!"